வேறொருவன் கை

உள்ளங்கையின் ஓரத்தை, சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் அந்தச் சதையை, கிட்டார்க் கம்பிகள் பிரிட்ஜில், அந்த அடிக்கட்டையில், போய் முடிகிற இடத்தில் மெல்ல வைக்க வேண்டும், வைக்கத்தான் வேண்டும், அழுத்தக் கூடாது என்று தமயந்தி மூன்றாவது முறையாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே அழுத்தினாள். கம்பி செத்துப்போனது. ஜக் என்று வர வேண்டிய சத்தம் டொப்பென்று, ஈரச் சாக்கைத் தரையில் போட்ட மாதிரி வந்தது. கையை எடுத்து உதறினாள். கட்டிலில் சாய்த்து வைத்த போனில் தாளம் காட்டுகிற மெட்ரோனோம் தன்பாட்டுக்கு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, நிமிஷத்துக்கு நூற்று இருபது, அவளுக்கு அது நடந்து போகிற வேகம். பாட்டின் வேகம் நூற்றுத் தொண்ணூறு. ஆனாலும் கீழேயிருந்துதான் ஏறி வர வேண்டும், மூன்று வருஷமாக அப்படித்தான் ஏறி வந்திருக்கிறாள், ஒரு நாளும் தாவினதில்லை. மறுபடியும் கையை வைத்தாள். மணிக்கட்டு மட்டும் அசையணும், முழங்கை சும்மா இருக்கணும், தோள் இருக்கிற இடமே தெரியக் கூடாது, விரலிடுக்கில் பிடித்த பிக்கின் நுனி கம்பிக்குள் ஒரு அரிசியின் மூக்களவு இறங்கினால் போதும், ஒவ்வொரு அடியும் மேலிருந்து கீழே, கீழே, கீழே மட்டும், திரும்பி ஏறும்போது கம்பியைத் தொடாமல் காற்றில் வரணும். ஜக் ஜக் ஜக் ஜக். வருகிறது. வராமல் என்ன, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு வாசித்தாலும் வரும். இன்று வெளிவந்த பாட்டில் வாசித்தவன் இப்படி வாசிக்கவில்லை. அவன் யாரோ, பேர்கூடத் தெரியாது, கீழே ஒன்று மேலே ஒன்று என்று மாற்றி மாற்றித் தட்டியிருக்கிறான். அது தப்பு கிடையாது, பாதி உலகம் அப்படித்தான் வாசிக்கிறது, கைக்கு வலியில்லை, வேகமும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அந்த வாசிப்பின் கீழே எழுதியிருப்பது தமயந்தியின் பேர்.

பஸ்ஸில்தான் கேட்டாள். ரத்தம் எடுக்கிற லேபில் காலை ஆறு மணி ஷிப்ட் முடித்து, வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்து, காந்திபுரத்தில் ஒண்ணேகால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் கிடைத்து, இயர்போனைக் காதில் சொருகினபோது அவள் சந்தோஷமாக இருந்தாள். அன்று பன்னிரண்டு மணிக்கு அவர்களுடைய பேண்டின் முதல் பாட்டு வெளியாகியிருந்தது. பேண்டுக்குக் 'கொல்லுலை' என்று பேர், பாட்டுக்குத் 'தணல்'. பாடுவது பிரனேஷ், டிரம்ஸ் ஜெர்வின், பேஸ் சபரி, ரிதம் கிட்டார் தமயந்தி. அட்டைப் படத்தில் அவள் முகம்தான் பெரிதாக இருந்தது, மற்ற மூன்று பேரும் பின்னால் புகைக்குள் நின்றார்கள். முதல் பத்து நொடி டிரம்ஸ் மட்டும், அப்புறம் கிட்டார் உள்ளே வரும், அந்த இடத்துக்காக அவள் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள், கிட்டார் உள்ளே வந்தது, சிரிப்பு போன வழி தெரியவில்லை. இயர்போன் சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் கேட்டாள். ஒரு அடி கனம், ஒரு அடி லேசு, ஒரு அடி கனம், ஒரு அடி லேசு. கை வைத்த இடமும் வேறு. அவள் பிரிட்ஜின் மேலேயே வைப்பாள், சத்தம் கொஞ்சம் பருமனாக, அடிவயிற்றிலிருந்து வரும். இவன் அரை விரல்கடை முன்னால் வைத்து அமுக்கியிருக்கிறான், சுத்தமாக, சிக்கென்று, உயிரில்லாமல். ஐம்பது ரிப்போர்ட்டுக்கு நடுவில் தன் கையெழுத்து எது என்று தெரியாத ஆள் உண்டா. பக்கத்து சீட்டு அம்மா, "என்னம்மா, தலை சுத்துதா, தண்ணி குடிக்கறியா" என்று கேட்டார். வேண்டாங்க என்றாள். அந்த அம்மா நல்ல மனசோடு பாட்டிலை நீட்டிக்கொண்டே இருந்தார், அதற்கும் கோபம் வந்தது.

நூற்று நாற்பது. கீழே பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து பிரஸ்ஸைப் போட்டுவிட்டார்கள். பம்பு மோட்டாருக்குத் தகடு வெட்டுகிற பிரஸ், விழுந்து விழுந்து எழும், ஒவ்வொரு அடிக்கும் தரை ஒரு தரம் அதிரும், ஜன்னல் கண்ணாடி முனகும். அந்தச் சத்தத்தின் புண்ணியத்தில்தான் இந்தக் கணபதி தெருவில் அவள் ஆம்பை, கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியை, சத்தமாக வைத்து வாசிக்க முடிகிறது, யாரும் வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பிரஸ்ஸுக்கு ஒரு தாளம், மெட்ரோனோமுக்கு ஒரு தாளம், இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து போகும், அப்புறம் விலகும், விலகும்போது காது எந்தப் பக்கம் போவது என்று தவிக்கும். போகாதே, டிக்கோடு போ. ஜக் ஜக் ஜக் ஜக். டிக்கோடு போ. ஜெர்வினுக்குத் தெரிந்திருக்குமா. தெரியாமல் எப்படி. சபரிக்குத் தெரிந்திருந்தாலும் அவன் கல்யாண வேலையில் கிடக்கிறான், அவனை விட்டுவிடலாம். ஜெர்வினுக்குத் தெரிந்திருக்கும். பிரனேஷ் தனியாக எதையும் செய்கிறவன் இல்லை, யாரையாவது பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் செய்வான், அப்போதுதான் அப்புறம் 'நாங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணினோம்' என்று சொல்லலாம். நாங்க எல்லாரும். அந்த எல்லாருக்குள் அவள் இல்லை. ஜக் ஜக் டொப். பார், மறுபடியும் அழுத்திவிட்டாள்.

கதவு திறந்தது. அம்மா. சரோஜினி இருபத்தாறு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் நின்று காதைப் பாதி அங்கேயே விட்டுவிட்டு வந்தவள், அதனால் எதைச் சொன்னாலும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள். "ஏங்கண்ணு, சோறு ஆறிப்போச்சு. தின்னுபோட்டு அதைத் தட்டலாமல்ல." அப்புறம் என்று தமயந்தி கையைக் காட்டினாள். "சாயங்காலம் காலேஜுல நிகழ்ச்சின்னியே, எத்தனை மணிக்குப் போகோணும்." நாலரை என்று விரலைக் காட்டினாள். "நாலரைக்குப் போறவ இப்பவே கைய ஒடிச்சுக்கிட்டா அங்க போயி எதை வெச்சு அடிப்ப." தமயந்தி மறுபடியும் கையைக் கம்பியில் வைத்தாள். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், மகளின் முகத்தை, அப்புறம் வலது முன்கையை, அது விறைத்துக்கொண்டு நரம்பு தெரிய நின்றது, "யாரு கூடவோ சண்டை" என்று யாரிடமோ சொல்வது போல் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சண்டை இன்னும் நடக்கவேயில்லை அம்மா. நடந்திருந்தால் நல்லாயிருக்கும். ஒருத்தன் எதிரில் நின்று, உன் வாசிப்பு சரியில்லை என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருந்தால் அது சண்டை. இது என்ன. வீட்டில் ஆளில்லாத நேரத்தில் வந்து, அவள் துணியை எடுத்து இன்னொருத்திக்கு உடுத்தி, அவள் பேரைச் சொல்லி ஊர்வலம் விட்ட மாதிரி.

நூற்று அறுபது. இதுவரைக்கும் கை சூடாகும், அவ்வளவுதான். இதற்கு மேலேதான் முன்கையின் மேற்பக்கம் ஒரு எரிச்சல் ஆரம்பிக்கும், சின்னதாக, ஊதுவத்தி முனை மாதிரி. அந்த அட்டைப் படம் எடுத்த அன்று பிரனேஷ் சொன்னான், "முடிய அவுத்து விடு தமி, ரொம்ப டீச்சர் மாதிரி இருக்க." அவள் பின்னலை இறுக்கிப் போட்டுத்தான் பழக்கம், லேபில் அப்படித்தான் போக வேண்டும், முடி தொங்கினால் ரத்தக் குழாயில் படும். அவிழ்த்துவிட்டாள். கிட்டாரை இன்னும் கீழே இறக்கித் தொங்கவிடச் சொன்னான், அப்படித் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடங்கிவிடும், ஒரு அடிகூட ஒழுங்காக வாசிக்க முடியாது, "போட்டோதான, வாசிக்கவா போற" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதுதான், அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அப்போதே தெரிந்திருக்க வேண்டும். முகம் வேண்டும், முடி வேண்டும், பேர் வேண்டும், கை வேண்டாம். தமி தமி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் டம்மி ஆக்கிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் மேடையிலிருந்து இறங்கினபோது ஒருத்தர் வந்து கை குலுக்கினார், மரியாதையான ஆள், கண்ணாடி போட்டவர், "ஒரு பொண்ணுக்கு ரொம்ப நல்லா வாசிக்கறீங்க. இந்த டவுன் பிக்கிங் மட்டும் லேடீஸ் கைக்கு செட் ஆகாது, மேலும் கீழுமா வாசிச்சுக்குங்க, யாருக்கும் தெரியாது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்று ராத்திரி சாப்பிடும்போது சோற்றுக் கவளத்தை எடுத்த கை அப்படியே நின்றது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். மறுநாளிலிருந்துதான் ஆரம்பித்தாள், எல்லா அடியும் கீழே, தொண்ணூறில் ஆரம்பித்து, வாரத்துக்கு இரண்டு, சில வாரம் ஒன்று, சில மாசம் ஒன்றுமே இல்லை, நூற்று ஐம்பத்தைந்தில் ஏழு மாசம் சிக்கிக்கொண்டு கிடந்தாள். கிட்டாரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு நாலே நாளில் மறுபடியும் இறக்கினாள்.

நூற்று எழுபது. எரிச்சல் வந்துவிட்டது, வரட்டும். பல்லைக் கடிக்காதே. பல்லைக் கடித்தால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் தோள் ஏறும், தோள் ஏறினால் முழங்கை வேலை செய்ய ஆரம்பிக்கும், முழங்கை வந்துவிட்டால் எல்லாம் போச்சு, இருபது நொடியில் கை கட்டையாகிவிடும். ஜக் ஜக் ஜக் ஜக், ஜக் ஜக், இங்கே கையைத் தூக்கிவிட்டு ஜாங் என்று முழங்க விடணும், உடனே திரும்ப வைக்கணும், வைக்கும்போது சத்தம் வரக் கூடாது, பூனை காலை வைக்கிற மாதிரி. அது வருகிறது. இன்று காலையில்கூட ஒரு பெரியவர், மருத்துவமனைக்குப் போய்ப் போய் இரண்டு கையும் கன்றிப்போனவர், "அந்தப் பின்னல் போட்ட பொண்ணு வருட்டும், நான் இருக்கறேன்" என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஊசி போனதே தெரியலீங்க அம்மணி என்றார். அப்படிப்பட்ட நரம்பு தொட்டால் வழுக்கும், பயந்து உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், அதைக் குத்திப் பிடிக்க முடியாது, இடது கட்டைவிரலால் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே போகணும். ஒன்பது வருஷமாக ஊரே நம்பிக் கையை நீட்டுகிற கை இது. இதை நம்பி ஒரு பாட்டைக் கொடுக்க முடியவில்லை பிரனேஷுக்கு. ஸ்டுடியோவில் வாசித்து முடித்ததும் அந்த ரெக்கார்டிங் பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில், "எல்லாமே டவுன் ஸ்ட்ரோக்கா அக்கா, கை என்னத்துக்காகும்" என்று கேட்டான், அந்தக் கேள்வியை அவள் ஒரு வாரம் மனசுக்குள் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டாள், புதுச் சேலையைப் பார்க்கிற மாதிரி. பிரனேஷ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சூப்பர் என்றான். சூப்பர் என்று சொல்லிவிட்டு எத்தனை நாளில் பெங்களூர்க்காரனையோ யாரையோ கூப்பிட்டிருப்பான். மறுநாளா. அன்றைக்கேவா.

நூற்று எண்பதில் ஒரு தரம் பிக் விரலிடுக்கிலிருந்து சுழன்று கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. குனிந்து எடுக்கும்போது, தரையில் கன்னம் படுகிற அந்த நிலையில், பிரஸ்ஸின் அதிர்வு கன்னத்து எலும்பில் ஏற, இத்தனை நேரம் பக்கத்தில் நிற்பது தெரிந்தும் திரும்பிப் பார்க்காமல் இருந்த பயம் நேராக எதிரில் வந்து உட்கார்ந்தது. பிரனேஷ் செய்தது சரியாக இருந்தால். நிஜமாகவே அவள் வாசிப்பு சரியில்லாமல் இருந்திருந்தால். ஒரு பொண்ணுக்கு நல்ல வாசிப்பு, பதிவு பண்ணிக் கேட்டால் அவ்வளவுதான், அது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தால். முப்பத்து மூன்று வயசு, ஏற ஆரம்பித்ததே முப்பதில், காலையில் எழுந்ததும் இப்போதெல்லாம் கட்டைவிரல் கொஞ்ச நேரம் மடங்குவதில்லை, லேபில் யாரிடமும் சொல்லவில்லை. பிக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆம்பை அணைத்தாள். அணைத்ததும் அறையில் மெட்ரோனோம் மட்டும் யாரையோ கூப்பிடுகிற மாதிரி டிக் டிக்கென்று கேட்டது. அதையும் நிறுத்திவிட்டு ஜெர்வினைக் கூப்பிட்டாள்.

"தமி, பாட்டு கேட்டியா" என்றான் எடுத்ததும், கொஞ்சம் அதிக உற்சாகத்தோடு. கேட்டேன், கிட்டார் யாரு என்றாள். அந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் போகிற சத்தம் தேய்ந்து முடிந்தது. "பிரனேஷ் உங்கிட்டப் பேசறேன்னு சொன்னான்." "உனக்கு எப்பத் தெரியும்." "ரெண்டு வாரமா. எனக்கும் பிடிக்கல தமி, சத்தியமா." "பிடிக்கலன்னு யாருகிட்டச் சொன்ன."  ஜெர்வினைப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும், அவன் அப்பா சாவுக்கு சர்ச்சில் கடைசி வரைக்கும் பக்கத்தில் நின்றவள் அவள், அவன் பேசாமல் இருந்தால் என்ன செய்துகொண்டிருப்பான் என்றுகூடத் தெரியும், இடது கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பான். "இன்னொண்ணு இருக்குது" என்றான். "இன்னைக்கு மேடைல என்ற லேப்டாப்புல பதிவு பண்ணின டிராக் ஓடும். கிட்டாரும் அதுலயே இருக்குது. உன்ற ஆம்ப் சத்தத்தக் கம்மியா வெக்கச் சொல்லியிருக்கான். பாட்டுல கேட்ட மாதிரியே மேடைலயும் இருக்கணுமாம்." அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.  ஆக, முடியை அவிழ்த்துவிட்டு, கிட்டாரைத் தொடைக்குக் கீழே தொங்கவிட்டு, ஆயிரம் பசங்களுக்கு முன்னால் நின்று கையை ஆட்டணும். யாருக்கும் தெரியாது. "நான் வாசிச்சத வெச்சிருக்கியா" என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை, ரொம்ப நிதானமாக இருந்தது. "இருக்குது." "அனுப்பு. கிட்டார் மட்டும், வேற எதுவும் கலக்காம." "அதக் கேட்டு இப்ப என்ன." "அனுப்புடா."

வந்தது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டாள். எட்டுச் சுற்று, சுற்றுக்கு முப்பத்திரண்டு அடி, மொத்தம் நாற்பது நொடி. விரல் பிளே பட்டனுக்கு மேலே நின்றது. ஊசியைக் கண்டால் சிலர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள், அவர்களைப் பார்த்து ஒரு தரமாவது மனசுக்குள் சிரிக்காமல் இருந்ததில்லை, இனிமேல் சிரிக்க மாட்டாள். அழுத்தினாள். முதல் சுற்று, ஜக் ஜக் ஜக் ஜக், அப்பா, எவ்வளவு பருமன், எல்லா அடியும் ஒரே ஆள் ஒரே உயரத்திலிருந்து போடுகிற அடி. இரண்டு. மூன்று. நாலு. இதில் என்ன குறை கண்டான். ஐந்து. ஆறாவது சுற்றில் இருந்தது. அவளுக்கே கேட்டது, கேட்காத மாதிரி இருக்க முடியவில்லை. டிக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஓடினாள், கை கம்பியில் அழுந்தியது, நாலைந்து அடி டொப் டொப்பென்று செத்து விழுந்தது, அப்புறம் ஏழாவதில் மீண்டும் பிடித்துக்கொண்டு எட்டு வரைக்கும் போய்விட்டாள். நிறுத்தி மறுபடியும் ஆறாவதைக் கேட்டாள். மறுபடியும். ஐந்து நொடி. ஸ்டுடியோவில் அந்த ஐந்து நொடியில் என்ன நடந்தது என்று ஞாபகம் வந்தபோது அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வாசித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலச் சட்டையில் பிரனேஷ் முதுகைக் காட்டிக்கொண்டு யாருடனோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்தைக் கையில் வைத்து நீட்டும்போது முதுகைக் காட்டினான். சுர்ரென்று ஏறியது, ஏறினது கைக்கு இறங்கிவிட்டது. அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தமி, ஆறாவது சுற்று கொஞ்சம் ஓடுது, திரும்ப வந்து வாசிச்சுக் குடு. போயிருப்பாள். ஷிப்ட் முடித்து அந்தக் கோட்டோடேயே போயிருப்பாள். ஐந்து நொடிக்காக மற்ற முப்பத்தைந்து நொடியையும் தூக்கிப் போட்டுவிட்டு, அதைச் சொல்ல வாய் வராமல், அவள் முகத்தை மட்டும் கத்தரித்து ஒட்டிக்கொண்டான். ஓடினது என் தப்பு. அதை வாங்கிக்கொள்கிறேன். மிச்சத்தை யார் வாங்கிக்கொள்வது.

போனில் பேண்டின் குரூப்பில் எழுதினாள். எழுதி அழித்து, பெரிதாக எழுதி, அதையும் அழித்து, கடைசியில் சின்னதாக எழுதினாள். 'இன்னைக்கு மேடைல கிட்டார் டிராக் ஓடக் கூடாது. என் ஆம்ப் முழுச் சத்தத்துல இருக்கணும். இல்லன்னா நான் வரல.' அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள், உடனே நிமிர்த்தினாள், மெட்ரோனோம் அதில்தானே இருக்கிறது. நூற்றுத் தொண்ணூறு. ஆம்பைப் போட்டாள். முதல் தரம் மூன்றாவது சுற்றிலேயே போயிற்று. இரண்டாம் தரம் ஐந்தில். கை ஒரு கட்டை, முன்கைக்குள் யாரோ கம்பியைக் காய்ச்சிச் சொருகின மாதிரி. கோபத்தை அடக்கிவிட்டு வாசி என்று சொல்லிக்கொண்டாள், அது அடங்குகிற கோபமா, மூச்சை இழுத்து விட்டாள், தண்ணீர் குடித்தாள், அது அதே இடத்தில் அதே அளவில் இருந்தது. மூன்றாம் தரம் ஆறாவது சுற்றில், சரியாக அதே இடத்தில், முதுகைக் காட்டி நிற்கிற அந்த நீலச் சட்டை கண்ணுக்கு முன்னால் வர, கை ஓடியது. நாலாம் தரம் அவள் கோபத்தை எதுவும் செய்யவில்லை. இரு, வேணுங்கிற மட்டும் இரு, தொண்டையில் இரு, வயிற்றில் இரு, காலில் போய் இரு என்று விட்டுவிட்டாள், கைக்கு மட்டும் சொல்லவில்லை. லேபில் கையை நீட்டி உட்காருகிறவர்களுக்கு அவள் யாருடன் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரியுமா, அவர்களுக்கு எதற்குத் தெரியணும். ஒன்று. இரண்டு. வலது குதிகால் தரையில் உதைத்துக்கொண்டிருந்தது, உதைக்கட்டும். மூன்று. கண்ணில் நீர் கட்டியது. நாலு. ஜாங் என்று விட்டுக் கையைத் திரும்ப வைத்தபோது வைத்ததே தெரியவில்லை. போன் அதிர ஆரம்பித்தது, திரையில் பிரனேஷ் என்று வந்தது, மெட்ரோனோம் நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. டிக் இல்லாமல் ஐந்து, ஆறு, ஆறாவதில் நீலச் சட்டை வந்தது, வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும், ஜக் ஜக் ஜக் ஜக், ஏழு, கை எரிந்து எரிந்து அவளுடையதில்லை போல் ஆகி, அப்புறம் முழுக்க அவளுடையதாகவே ஆகி, எட்டு. கடைசி அடியை முழங்க விட்டாள். நாலில் ஒரு தரம். மேடையில் நாலு தரம் கிடையாது, ஒரே தரம்தான், அது அவளுக்குத் தெரியும். பயமாக இருந்தது. சத்தம் முழுக்க அடங்கின பிறகுதான் போனை எடுத்தாள்.

"என்ன தமி இது, நாலு மணிக்கு இப்படி மெசேஜ் போட்டா என்ன அர்த்தம்" என்றான் பிரனேஷ். நல்ல குரல் அவனுக்கு, திட்டும்போதுகூடக் கேட்க இதமாக இருக்கும். எழுதினதுதான் அர்த்தம் என்றாள். "எல்லாப் பேண்டுலயும் நடக்கறதுதான். பாட்டு நல்லா வரணும்னு பண்ணது. உன்னக் கஷ்டப்படுத்த வேண்டாம்னுதான் சொல்லல." "ஆறாவது சுத்து ஓடியிருக்குது, கேட்டேன். அத நீ சொல்லியிருந்தா நான் திரும்ப வாசிச்சிருப்பேன்." "சொன்னா நீ சண்டைக்கு வருவ." "ஆமா, வந்திருப்பேன். சண்டை போட்டுட்டு வாசிச்சிருப்பேன்." அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. பின்னால் காலேஜ் மைதானத்தில் யாரோ மைக் சோதனை பண்ணினார்கள், செக், செக், ஒன், டூ. "இங்க பாரு, அந்தக் காலேஜ் பொண்ணுங்க உன்னத்தான் கேட்டாங்க. நீ வரலன்னா அசிங்கமாயிரும்." தெரியும் என்றாள். "பாட்டு எப்படி வெளிய வந்துச்சோ அதுக்குக் கீழ வாசிச்சா இன்னும் அசிங்கம். அதயும் யோசி." யோசிச்சுட்டேன் என்றாள்.  அந்தப் பக்கம் ஜெர்வின் ஏதோ சொன்னான், என்னவென்று புரியவில்லை, ஆனால் சத்தமாகச் சொன்னான், ஜெர்வின் சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. பிரனேஷ் போனைப் பொத்திக்கொண்டான் போல, சத்தம் அறுந்தது. அப்புறம் வந்தான். அவன் குரலில் இதம் போயிருந்தது, முதல் முறையாக அவளிடம் ஒரு ஆளோடு பேசுகிற மாதிரி பேசினான். "சரி. கிட்டார் டிராக்க எடுத்தாச்சு. உன்ற கைதான், வேற எதுவும் கிடையாது. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க, எங்கயாவது தப்பு வந்தா மைதானம் முழுக்கக் கேக்கும்."

"கேக்கட்டும்" என்றாள் தமயந்தி.